வேகமாகப் பாவு தீர்த்தவள்

ஒருத்தியின் வாழ்க்கையை நான் ஒரே வரியில் கெடுத்தேன். தெரிந்தே கெடுத்தேன்.

கெடுத்தது ஊருக்குத் தெரியும். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தத் 'தெரிந்தே' மட்டும்தான் யாருக்கும் தெரியாது. அவர்கள் சொல்லும் கதையில் நான் ஒரு வெகுளி. படிப்பு ஏறிய அளவுக்கு உலக நடப்பு ஏறாதவள். எழுத்து ஆசையில் பின்விளைவு புரியாமல் எதையோ எழுதிவிட்ட அசடு... அப்படிச் சொல்லித்தான் என்னை மன்னித்துவிட்டார்கள்.

நான் வெகுளி அல்ல. அன்றைக்கும் அல்ல.

இதை முகம் தெரியாத உங்களிடம் ஏன் சொல்கிறேன்? தெரிந்தவர்களிடம் சொல்லத் துணிவில்லை, அவ்வளவுதான். நீங்கள் நாளைக் காலை என்னைத் தெருவில் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளப் போவதில்லை. அந்த வசதிக்காகத்தான் உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். இதிலும் ஒரு கோழைத்தனம் இருக்கிறது, பாருங்கள்!

நான் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லித் தருகிறேன். முதலில் உன் நிலைப்பாட்டைச் சொல். பிறகு அதற்கு ஆதாரம் வை. எதிர்த்தரப்பு என்ன கேட்கும் என்று நீயே யோசித்து, அதற்கும் பதில் வை. முடிக்கும்போது படிப்பவன் உன் பக்கம் வந்திருக்க வேண்டும்... இதையெல்லாம் நான் நன்றாகவே சொல்லித் தருவேன். கரும்பலகையில் 'ஆதாரம்' என்று எழுதும்போது மட்டும் கை கொஞ்சம் நின்றுவிடும். சுண்ணக்கட்டி உடைந்துவிட்டது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள்.

என் ஆதாரத்தின் பெயர் கலைவாணி. எங்களுக்கு வாணி.

பிள்ளையார்பாளையத்தில் அவள் வீடும் எங்கள் வீடும் அடுத்தடுத்து. நடுவில் ஒற்றைச் சுவர். அந்தப் பக்கம் அவர்கள் தறி, இந்தப் பக்கம் எங்கள் தறி. வாணி நெய்ய உட்கார்ந்தால் எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டர் லேசாக அதிரும். அதிர்வு நின்றால் அவள் தறியைவிட்டு எழுந்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிடும். உடனே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போவேன்.

பிளஸ் டூவோடு அவள் படிப்பு நின்றுவிட்டது. அம்மா இல்லாத வீடு. அவளுடைய அப்பா ஏகாம்பரம் மாமாவுக்கு முதுகுவலி வந்து, பெரிய வேலையைச் செய்ய முடியாமல் போனது. கோர்வைப் புடவை நெய்ய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் புடவையின் உடலை நெய்ய, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கரைக்கான நூல் ஓடும் நாடாவைத் தள்ள வேண்டும். வாணி அப்பாவின் இடத்தில் உட்கார்ந்தாள். அப்பா பக்கத்து இடத்துக்கு நகர்ந்தார். நான் கல்லூரிக்குப் போனேன்.

கல்லூரியில் எனக்கு யாரும் ஒட்டவில்லை. என் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள் என்று பயந்தே வாயைத் திறக்க மாட்டேன். பகல் முழுவதும் சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் சாயங்காலம் வாணியிடம் கொட்டுவேன். சாமி கும்பிடப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போய், பிரகாரத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்போம். நான் ஒரு கடலையை உரிப்பதற்குள் அவள் ஒரு கைப்பிடி உரித்து என் மடியில் போட்டுவிடுவாள். எல்லாவற்றிலும் அவளுக்கு அந்த வேகம். எனக்கு உலகத்தில் இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள்... உண்மையிலேயே அவ்வளவுதான் இருந்தது.

அதற்குள் சீனு வந்தான்.

தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்தான் பாவு. ஒரு பாவு தீர்ந்தால், புதுப் பாவின் இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். அந்த வேலைக்கென்றே ஆட்கள் உண்டு. விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, தறிக்குப் பின்னால் உட்கார்ந்து, நாள் முழுவதும் தலை நிமிராமல் முறுக்குவார்கள். எங்கள் தெருவுக்கு அப்படி வந்துகொண்டிருந்தவன் சீனு. தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளை. அவர்களும் நெசவுக்காரர்கள்தான், அதே பட்டு, அதே சரிகை, அதே தறிக்குழி. பெண் கொடுப்பதும் எடுப்பதும் மட்டும் கிடையாது.

வாணி ஒருநாள் பிரகாரத்தில் கடலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்.

"பாவு தீந்தாதான்டி அவன் வருவான். அதான் இப்டி அடிச்சிக்கினு இருக்கேன். அப்பா என்னாவோ வேலைக்கு ஆசப்பட்டு செய்யறேன்னு நெனச்சிக்கினு இருக்குது."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்று என் மடியில் ஒரு கடலைகூட விழவில்லை என்பதைச் சிரிக்கும்போதே கவனித்தேன். அது ஏன் உறுத்தியது என்று அப்போது புரியவில்லை.

உங்களுக்கு ஒன்று புரிய வேண்டும். வாணியின் வேகம் எங்கள் தெருவில் ஒரு செய்தி. மற்ற வீடுகளில் பாதிப் பாவு ஓடியிருக்கும்போது, ஏகாம்பரம் மாமா வீட்டில் தீர்ந்துவிடும். "எங்க வாணி கைக்கு ஒரு பாவு எந்த மூலைக்கு!" என்று அவர் டீக்கடையில் சொல்லாத நாள் இல்லை. பட்டும் சரிகையும் கொடுத்து நெய்யவைக்கும் முதலாளி அடுத்த பாவை அவர் வீட்டுக்குத்தான் முதலில் கொடுத்தனுப்புவார். எங்கள் அப்பா சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்து நெய்பவர். அவரை அம்மா வாணியின் பெயரைச் சொல்லியே திட்டுவாள். 'வேகமாகப் பாவு தீர்ப்பவள்' என்று எங்கள் தெருவில் சொன்னால், அவள் யார் என்று எவரும் கேட்க மாட்டார்கள்.

இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நானும் வைத்திருந்தேன்!

அந்த ஆண்டு கல்லூரியில் ஒரு கட்டுரைப் போட்டி வைத்தார்கள். சாதி மறுப்புத் திருமணம் சமுதாயத்தைப் பிணைக்குமா, பிரிக்குமா? ஒரு பக்கம் நின்று, தக்க ஆதாரங்களோடு எழுத வேண்டும். நான் 'பிணைக்கும்' என்று எழுதினேன். மனமார நம்பித்தான் எழுதினேன். இன்றும் அதையே நம்புகிறேன். இதில் வேடிக்கை என்னவென்றால், நான் எடுத்த நிலைப்பாட்டில் தவறே இல்லை.

கட்டுரையின் முதல் வரைவை எங்கள் தமிழ்ப் பேராசிரியையிடம் காட்டினேன். தென் மாவட்டத்துக்காரர், காஞ்சிபுரத்துக்கு அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்தார். தமிழ்த்துறையில் எல்லாரும் அவரை 'அம்மா' என்றே அழைப்போம். கோர்வை நன்றாக இருக்கிறது, ஆனால் உயிர் இல்லை என்றார். நூலகத்துப் புத்தகங்களிலிருந்து எடுத்தவை எல்லாம் ஆதாரம்தான், இருந்தாலும் படிப்பவரை உலுக்க உன் கண்ணால் கண்ட ஒன்று வேண்டும் என்றார். எனக்குக் கோர்வை என்றதும் கரையும் உடலும் சேருமிடம்தான் நினைவுக்கு வந்தது. உயிர் என்றதும் வாணி நினைவுக்கு வந்தாள்.

அன்று சாயங்காலமே அவளிடம் கேட்டேன். அவள் தயங்கவே இல்லை.

"எழுதிக்கோயேன். பேரு மட்டும் போட்றாத."

போடமாட்டேன் என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். சத்தியத்தை மீறவும் இல்லை. கட்டுரை முழுவதும் தேடினாலும் அவள் பெயர் கிடைக்காது. நான் எழுதியது இதுதான்: 'பாவு தீர்ந்தால்தான் பிணைப்பவன் வருவான் என்பதற்காகவே, தன் தெருவில் வேறெவரும் நெய்யாத வேகத்தில் நெய்த ஒருத்தியை நான் அறிவேன்.'

பேரைத்தான் எழுதவில்லை... ஆனால், எங்கள் தெருவில் அதுதானே அவள் பேர்!

பேராசிரியை அந்த வரியைப் படித்துவிட்டு அதன் அடியில் கோடு போட்டார். பிறகு, இது உண்மைப் பெண்ணா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இதைப் படித்தால் அவள் யார் என்று யாருக்காவது தெரிந்துவிடுமா என்று கேட்டார். அவருக்குத் தறி தெரியாது, பாவும் தெரியாது, அந்த வேகத்துக்கு எங்கள் தெருவில் என்ன பொருள் என்றும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் நான், அவர் எதிரில் நின்றுகொண்டிருந்தேன்.

"தெரியாதும்மா. பொதுவாத்தான் எழுதியிருக்கேன்."

இதுதான் முதல் பொய். 'வேறெவரும் நெய்யாத வேகத்தில் நெய்த' என்பதை எடுத்துவிட்டு 'காத்திருந்த' என்று போட்டிருந்தால் போதும். ஒரு சொல்! பேனா கையில்தான் இருந்தது. வரியின் அழகு போய்விடுமே என்று நினைத்தேன். அழகுக்காக விட்டேன் என்றுதான் பல காலம் எனக்கே நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதல் பரிசு எனக்கு. ஒரு கேடயம் கொடுத்தார்கள். என்னோடு ஒரு நாளும் பேசாத பெண்கள் வந்து கை கொடுத்தார்கள். கட்டுரையைக் கல்லூரி மலரில் அச்சிட்டார்கள்.

மலர் கைக்கு வந்த அன்று, நான் முதலில் போனது என் வீட்டுக்கு அல்ல, வாணியின் வீட்டுக்கு. அதற்கும் ஒரு காரணம் உண்டு. அதற்கு முந்தைய வாரம் அவள் இன்னொரு செய்தி சொல்லியிருந்தாள். தீபாவளி வேலை முடிந்ததும் சீனு அவளுடைய அப்பாவிடம் வந்து பேசப்போகிறான். அதற்குள் முதலாளியை விட்டு மெல்ல எடுத்துச் சொல்லவைக்க ஏற்பாடு. அப்பா முதலாளியின் பேச்சைத் தட்டமாட்டார். திருமணம் முடிந்ததும் பெங்களூரில் அவனுடைய மாமா வீட்டோடு போய்விடுவார்கள். எல்லாவற்றையும் கடலை உரிக்கும் வேகத்திலேயே சொல்லி முடித்துவிட்டாள். "நீ லீவுக்கு வாடி" என்றும் சொன்னாள்.

லீவுக்கு... நான் லீவுக்குப் போகிற இடமாகிவிட்டாள்.

அன்று வீட்டுக்கு வந்து நெடுநேரம் அந்தக் காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது அதிராத வீட்டில் இனி எப்படி இருப்பது என்று நினைத்தேன். பயமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன்.

மலரோடு நான் உள்ளே போனபோது இருவரும் தறியில் இருந்தார்கள். வாணி நெய்துகொண்டிருந்தாள். மாமா பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தார். தறியில் பாவு தீரும் தறுவாயில் இருந்தது. மறுநாள் சீனுவுக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்று மாமாவே என்னிடம் சொன்னார். கையில் என்ன என்று கேட்டார். பரிசு வாங்கிய கட்டுரை அச்சில் வந்திருக்கிறது என்றேன். அவருக்குத் தமிழ் என்றால் உயிர். முகமெல்லாம் மலர்ந்து, "படிமா, கேட்டுக்கினே நெய்யறோம்" என்றார்.

மேசைமேல் வைத்துவிட்டு அப்புறம் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். எல்லாவற்றையும் படித்து, அந்த ஒரு வரியைக் கண்ணாலேயே தாண்டியிருக்கலாம். அவர் தறியில் இருக்கிறார்; புத்தகத்தை எட்டிப் பார்க்கவா போகிறார்?

நான் தாண்டவில்லை. தாண்டாததோடு போகட்டும்... அந்த வரிக்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்தினேன்! மேடையில் முக்கியமான இடத்துக்கு முன்னால் நிறுத்துவார்களே, அப்படி. எங்கே நிறுத்தினால் கேட்பவர் காது கொடுப்பார் என்று எனக்குத் தெரியும். அதைத்தானே போட்டியில் செய்து பரிசு வாங்கியிருந்தேன்?

படித்தேன். வாணியின் கால் மிதியிலேயே நின்றுவிட்டது. மாமா கையிலிருந்த நாடாவைத் தள்ளவில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் அந்தக் கணம் காலண்டர் நின்றிருக்கும்.

மாமா என்னைப் பார்க்கவில்லை; மகளையும் பார்க்கவில்லை. தறியில் மிச்சமிருந்த பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அந்த எடத்த இன்னொரு தபா படிமா."

நான் நிமிர்ந்தேன். வாணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குத் தெரியாமல், மிக மிக லேசாகத் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று. அவள் முகத்தில் இருந்ததைச் சொல்ல எனக்கு இன்றும் தமிழ் போதவில்லை. எவ்வளவோ சொல்லியிருக்கலாம். கண் தெரியவில்லை, தாகமாக இருக்கிறது, அம்மா கூப்பிடுகிறாள்... எனக்கா வாயில் பொய் வராது? அதற்கு முன்னும் பின்னும் வந்திருக்கிறதே!

இதைத்தான் யாரிடமும் சொன்னதில்லை. அவள் தலையை ஆட்டியதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, கண்ணைப் புத்தகத்தில் வைத்துக்கொண்டு, அந்த வரியை இரண்டாம் முறை படித்தேன். தெளிவாக, நிறுத்தி, ஒரு சொல்லும் விழுங்காமல். என் குரல் நடுங்கவில்லை.

மாமா சத்தம் போடுவார், அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் இல்லை. முதுகைப் பிடித்துக்கொண்டு தறிக்குழியிலிருந்து எழுந்தார். மேலே ஏறி நின்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சீனுவுக்குச் சொல்லி அனுப்ப வேணாம். நான் வேற ஆளு பாத்துக்கறேன்."

அவ்வளவுதான். அவ்வளவுதான் அந்த வீட்டில் நடந்த சண்டை. என் கட்டுரை நடுவர்களை, மாணவிகளை, பேராசிரியையை, எல்லாரையும் 'பிணைக்கும்' பக்கம் கொண்டுவந்து சேர்த்தது. யாரைச் சேர்த்திருக்க வேண்டுமோ அவரை மட்டும் நிரந்தரமாக எதிர்ப் பக்கம் நிறுத்திவிட்டது. முதலாளி பிறகு வந்து பேசிப் பார்த்தாராம். மகள் வாயால் முதலில் கேட்டிருந்தால் யோசித்திருப்பேன், புத்தகத்தில் அச்சடித்து ஊர் படித்த பிறகு என்ன பேச்சு என்று மாமா கேட்டாராம். டீக்கடையில் மகளின் வேகத்தைப் பற்றி அவர் வாய் ஓயாமல் பேசியதெல்லாம் அவரையே குத்தியிருக்கும். ஊர் சிரிக்கும் என்று அவருக்குப் பயம். ஊரும் சிரிக்கத்தான் செய்தது. "மாமா, பாவு தீந்துடுச்சா?" என்று இளவட்டங்கள் கேட்டுக்கொண்டே போவார்கள்.

அந்தப் பாவின் மிச்சத்தை வாணி முடித்துக் கொடுத்தாள். எவ்வளவு மெதுவாக! நான் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அவளைத் தாமலில் இருக்கும் அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். அத்தை வழியில் ஒரு மாப்பிள்ளை பார்த்து, தை மாதத்தில் முடித்துவிட்டார்கள். தறி இல்லாத வீடு. அதையும் பார்த்துத்தான் கொடுத்தார்கள் என்று அம்மா சொன்னாள்.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் அவளைப் பார்க்கப் போனேன். நலங்கு வைத்த மஞ்சள் முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள். நான் அழுதேன். அவள் அழவில்லை. தான் தலையை ஆட்டியதை நான் பார்க்கவில்லையா என்று மட்டும் கேட்டாள். புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை என்றேன். பெருமூச்சு விட்டாள்.

"அழாதடி. உனக்கு இன்னா தெரியும்? அழகா இருக்குதேன்னு எழுதிட்ட. பெரியவர் கேட்டா படிச்சிதானே ஆவணும்?"

என் தரப்பு வாதத்தை அவளே எனக்காக எழுதி முடித்துவிட்டாள். தெருவும் அதையே எடுத்துக்கொண்டது. நான் மறுக்கவில்லை. அவள் மன்னித்தது நான் செய்யாத ஒரு பிழையை. செய்த பிழை இன்னும் யாராலும் மன்னிக்கப்படாமல் என்னிடமே இருக்கிறது.

ஏன் செய்தாய் என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்... பொறாமையா? சீனுமீது எனக்கு ஒன்றும் கிடையாது. அவன் விரல் சாம்பலைத் தவிர எதுவும் எனக்கு நினைவில் இல்லை. வாணி கெட்டுப்போக வேண்டும் என்று நினைத்தேனா? சத்தியமாக இல்லை. கொஞ்சம் தள்ளிப்போனால் போதும், பெங்களூர் பேச்சு அடுத்த தீபாவளிக்குப் போனால் போதும், அதுவரை பிரகாரமும் கடலையும் இருக்கும் என்று... இப்படி ஒரு கணக்கு மனத்தின் அடியில் ஓடியிருக்கிறது. அவள் என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போய்விடக் கூடாது. இதுதான் என் நிலைப்பாடு. கட்டுரையில் எழுதிய நிலைப்பாடு வேறு.

அவள் போகத்தான் போனாள். பெங்களூருக்குப் பதில் தாமலுக்கு. மகிழ்ச்சியாகப் போவதற்குப் பதில் வாயை மூடிக்கொண்டு போனாள். நான் எந்தத் தனிமைக்குப் பயந்தேனோ, அதை என் வாயாலேயே இரண்டு முறை படித்து வாங்கிக்கொண்டேன்.

இப்போது வீட்டில் நான் மட்டும்தான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். தறியைக் கொடுத்துவிட்டேன். கல்யாணம் கூடிவரவில்லை, அதற்காக நான் பெரிதாக முயலவும் இல்லை. கேடயம் டிவிக்கு மேல் இருக்கிறது. எடுத்து உள்ளே வைத்தால் ஏன் வைத்தாய் என்று என்னையே கேட்டுக்கொள்ள வேண்டிவரும் என்பதால் அங்கேயே விட்டிருக்கிறேன். ஏகாம்பரம் மாமா காலமான பிறகு அவர் வீட்டில் வேறொரு குடும்பம் வாடகைக்கு வந்தது. அவர்களும் நெய்கிறார்கள். காலண்டர் அதிர்கிறது. நான் எழுந்து வாசலுக்குப் போவதில்லை.

சீனுவை எப்போதாவது பார்ப்பேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பான். கல்யாணம் ஆகி, கொஞ்சம் தொப்பை போட்டிருக்கிறான். "நல்லா இருக்கீங்களா டீச்சர்?" என்பான். நல்லா இருக்கேன் என்பேன். அவன் வாணியைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. பஸ் வரும்வரை இருவரும் சாலையையே பார்த்துக்கொண்டு நிற்போம்.

போன மாதம் தாமலுக்குப் போயிருந்தேன். வாணியின் மகள் வயதுக்கு வந்திருந்தாள். சடங்குக்குப் போக முடியாமல், பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அவள் கணவர் நல்ல மனிதர். அதை மறைக்க விரும்பவில்லை. உட்காருங்க டீச்சர் என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, கழனிக்குப் போய்விட்டார். மகளை அழைத்து, இவங்கதான் அம்மாவோட ஃபிரெண்டு, கட்டுரையெல்லாம் எழுதிப் பரிசு வாங்குனவங்க என்று வாணி சொன்னாள். குத்தலாகச் சொல்லவில்லை. பெருமையாகச் சொன்னாள்! அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் நான் எங்கே போய் ஒளிவது?

ஏரிக்கரைக்கு நடந்தோம். தண்ணீர் நிறைந்திருந்தது. புடவைத் தலைப்பில் பச்சைக் கடலை முடிந்துகொண்டு வந்திருந்தாள். கரையில் உட்கார்ந்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். பேசுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. மகள் படிப்பு, என் பிரஷர் மாத்திரை, அவ்வளவுதான். என் பங்கு தீர்ந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். அவள் பங்கு அப்படியே இருந்தது. ஒரு கடலையை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, நகத்தால் மெல்லக் கீறி...

"இன்னாடி, இவ்ளோ மெதுவா உரிக்கிற?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

"வேகமா முடிச்சா மட்டும் யாரு வரப்போறாங்க?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் ஏரியைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து, அவளும் ஏரியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அன்னிக்கி நான் தலைய ஆட்டுனேனே... நீ பாக்கலதானேடி?"

கல்யாணத்துக்கு முந்தைய நாள் கேட்டதோடு சரி. இத்தனை வருடத்தில் அவள் அதைத் தொட்டதே இல்லை. என் பதிலை வாங்கி வைத்துக்கொண்டு, அதன்மேல்தான் எங்கள் சிநேகத்தையே கட்டியிருந்தாள். ஆனால், உள்ளுக்குள் அவளும் அந்த இடத்தை மறுபடி மறுபடி படித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். இதோ, அவளாகவே கதவைத் திறந்துவிட்டாள். ஒரு சொல் போதும். பார்த்தேன் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? என்னைத் திட்டியிருப்பாள். எழுந்து போயிருப்பாள். ஒருவேளை அப்போதும் மன்னித்திருப்பாள். எது நடந்திருந்தாலும் அவளுக்கு உண்மை கிடைத்திருக்கும். அவளுக்கு நான் பட்ட கடன் அதுதான்.

ஆனால், எனக்கு இந்த உலகத்தில் லீவுக்குப் போக இருக்கும் ஒரே வீடு அது.

"பாக்கலடி" என்றேன்.

அவள் தலையை அசைத்தாள். உரித்த கடலையை என் கையில் வைத்தாள். நான் வாயில் போட்டுக்கொண்டேன்.

நம்பினாளா? எனக்குத் தெரியாது. பஸ் ஏறும்வரை கையை ஆட்டிக்கொண்டு நின்றாள். தலையை அல்ல, கையைத்தான்... நான் இந்தத் தடவை நன்றாகப் பார்த்தேன்.

ஆதாரம் கேட்பீர்களே, இதோ ஒன்றே ஒன்று வைக்கிறேன். அந்த வரியை இரண்டாம் முறை படித்தபோது என் குரல் நடுங்கவில்லை என்று சொன்னேன் அல்லவா? 'பாக்கலடி' என்றபோதும் நடுங்கவில்லை.